பதினேழாம் பக்கம்

படம் முடிந்த மூன்றாவது நிமிடம், நாகலூர் சின்னன் தாம் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு மேலெழும்பி, தரையிலிருந்து பன்னிரண்டு சாண் உயரத்தில் போய் நின்றுகொண்டார். தை மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை ஏழரை மணி. அந்த வாரம் மிளகு கிலோ ஐந்நூற்றுப் பத்துக்குப் போனது, பனி வழக்கம்போல. எஸ்டேட்டில் காபி காயவைக்கும் களத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியதால் தலைக்கு மேல் கூரை இல்லை. இருந்திருந்தால் அதோடு நின்றிருக்கும் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. சாட்சி இருநூறு பேர். முதலில் கவனித்தது அவர் மனைவி காளியாயி. "ஏனுங்க, படம் முடிஞ்சு போச்சு, எறங்குங்க" என்றாள். "நானும் அதத்தான் பாக்கறேன், எறங்க மாட்டேங்குது" என்றார் சின்னன். ஆறு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். பக்கவாட்டில் இழுத்தால் மாடு மாதிரி வந்தார். கீழே இழுத்தால் மட்டும் மசியவில்லை. கடைசியில் இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டி, வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வாசலில் இருந்த சில்வர் ஓக் மரத்தில் முடிந்துவிட்டுச் சனம் சாப்பிடப் போனது.

படத்தில் நடித்ததும் அவர்தான். ஏற்காட்டில் பள்ளி முடித்துச் சென்னைக்குப் போன ஸ்டெபின் எடுத்த விஞ்ஞானப் படம் அது. பெயர் ஆங்கிலத்தில் வாயில் நுழையாதபடி இருந்ததால் ஊரில் அதற்குச் 'சின்னன் படம்' என்றே பெயர். கதை இவ்வளவுதான்: மலையில் காபித் தோட்டத்து ஆள் ஒருவர் திடீரென்று எடை இழந்து மிதக்கிறார், பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து கருவிகளை நீட்டி நீட்டிப் பார்க்கிறார்கள், மழை பெய்கிறது, படம் முடிந்துவிடுகிறது. அவர் ஏன் மிதந்தார், பிறகு எப்படி இறங்கினார் என்பதற்கு ஒரு வார்த்தை கிடையாது. ஷூட்டிங்கின்போதே எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதுகிற ரைட்டர் டோமினிக் இதைக் கேட்டிருக்கிறார். "எல்லாத்தையும் படத்துலயே சொல்லிட்டா அப்பறம் படத்துக்கு என்னங்க மரியாதை? வெளக்கமெல்லாம் தனியா புத்தகம் போடறேன், வேணுங்கறவங்க வாங்கிப் படிக்கட்டும்" என்றார் ஸ்டெபின். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சோற்றைப் பக்கத்து ஊரில் போட்ட கதைதான். சின்னனைக் கிரேனில் கம்பி கட்டித் தூக்கிய காட்சி படத்தில் உண்டு, இறக்கிய காட்சி இல்லை. ஏற்றியவர்கள் இறக்கவில்லை, மனுசன் என்ன செய்வார் என்று ஊர் அன்றைக்கே பேசி முடித்துவிட்டது. வழி புத்தகத்தில் இருக்கும், படித்து இறக்கிக்கொள்ளலாம் என்று எல்லாரும் நம்பினார்கள்.

புத்தகத்தில் இல்லை. இது மேகலா ஒருத்திக்கு மட்டும் தெரியும். மேகலாவுக்கு நாகலூரில் சின்னன் வீட்டுக்கு அடுத்த வீடு. கடை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில். ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், போட்டோ. ஸ்டெபின் கையால் எழுதிக் கொடுத்த விளக்கத்தைத் தமிழில் அடித்துப் பக்கம் கட்டியது அவள்தான். கட்டியபோது பதினேழு பக்கம் வந்தது. சேலத்து அச்சகத்துக்காரர் போனில் சிரித்தார். தாளை மடித்து நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலு நாலாகத்தான் வளரும். பதினாறு போடலாம், இருபது போடலாம், பதினேழு என்று ஒரு புத்தகம் உலகத்திலேயே கிடையாது, ஒரு மணி நேரத்துக்குள் சொல்லுங்கள் என்றார். ஸ்டெபின் போனை எடுக்கவில்லை. அவர் கொடுத்துவிட்டுப் போன காசு பதினாறுக்குத்தான் காணும், ஏதோ ஒரு பக்கத்தைத் தூக்கியாக வேண்டும். ஒன்பதாம் பக்கம் ஸ்டெபினின் முழுப்பக்கப் போட்டோ. அதில் கை வைக்க முடியாது. இரண்டாம் பக்கம் நன்றிப் பக்கம். நாற்பது பேர் பெயருக்குக் கீழே, நாற்பத்தோராவதாக, 'எழுத்துக்கோப்பு: மேகலா, ஏற்காடு' என்று இருந்தது. பதினைந்து வருஷம் ஊராருடைய பெயரையெல்லாம் கல்யாணப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலியிலும் அடித்தவள்; தன் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. மேகலா அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பதினேழாம் பக்கத்தை அழித்துவிட்டு அனுப்பினாள். கடைசிப் பக்கத்தை எவன் படிக்கப் போகிறான் என்று நினைத்தாள். கையெழுத்துத் தாள்கள் அந்த வாரமே பழைய பேப்பர்காரரோடு போயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை களத்தில் கூட்டத்தோடு நின்று அண்ணாந்து பார்த்தபோது அவளுக்குத் தான் அழித்த பக்கம்தான் ஞாபகம் வந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். இருநூறு பேர் நிற்கிறார்களே, நாளைக்குச் சொல்லிக்கொள்வோம் என்று வந்துவிட்டாள். நாளைக்கு என்று தள்ளியது முப்பத்தாறு மாதம் போயிற்று.

சின்னன் வேலைக்குப் போகாமல் இருக்கிற ஆள் இல்லை. மரத்தில் படர்ந்த மிளகை ஏணி இல்லாமல் பறித்தார். காபிக்கு நிழல் கழிக்க மேல்கிளைகளை வெட்டினார். டோமினிக் அவருக்கு மற்றவர்களைப் போலவே வருகை போட்டார். மழைக்கோட்டு ஒன்று எஸ்டேட் கொடுத்தது. மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியில் காளியாயி மூன்று வேளையும் தூக்குப்போசியோடு ஏறி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்று வீட்டுச் சமாச்சாரம் பேசிவிட்டு இறங்கினாள். மூடுபனி நாளில் ஆள் தெரியாது. குரலை வைத்துத்தான் குடித்தனம். மே மாதக் கோடை விழாவுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டு, அப்படியே நாகலூர் வந்து சின்னனோடு செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள். இதெல்லாம் பரவாயில்லை, இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட விட்டிருக்கலாம். ஆனால் அவர் ஏறிக்கொண்டிருந்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது ஊருக்கெல்லாம் பொருந்தும், சின்னனுக்குப் பொருந்தவில்லை. மாதத்துக்கு ஒரு சாண் ஏறினார், சறுக்கவே இல்லை. காளியாயி மரத்தில் மாதாமாதம் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். ஏணியின் நீளம் ஊருக்கே தெரியும். அதற்கு மேல் அவர் போய்விட்டால் சோறு எப்படிப் போகும் என்று எல்லாரும் மனசுக்குள் கேட்டார்கள், யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

புத்தகத்தை ஊரே படித்தது. மாதா கோயிலில் வேதவாசகம் வாசிக்கிற குரல் டோமினிக்குக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பதினாறு பக்கத்தில் பாக்சைட் கல் இருந்தது, பூமியின் ஈர்ப்பு இருந்தது, ஐந்து வரைபடம் இருந்தது. இறங்குகிற வழி மட்டும் இல்லை. ஊர்ச்சனம் புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. தங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டது. "எழுதியிருக்குதுங்க, நமக்குத்தான் புடிபடல" என்று டோமினிக் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். நன்றிப் பக்கத்தையும் விடமாட்டார். 'எழுத்துக்கோப்பு: மேகலா, ஏற்காடு' என்று அவர் கணீரென்று வாசிக்கும்போது எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டுவார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, மேகலாவுக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாள். வீட்டில் இருந்தாலும் ஜன்னலைத் திறந்தால் சின்னனின் பாதங்கள் தெரிந்தன.

ஸ்டெபினைக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். படம் நாலு நாள் ஓடியதும் அவர் துபாய்க்கு விளம்பரப்படம் எடுக்கப் போய்விட்டார். டோமினிக் வாட்ஸ்அப்பில் பிடித்து, இறங்குற வழி என்னங்க தம்பி என்று கேட்டார். "அதுதாங்க புத்தகத்துல இருக்குமே" என்று பதில் வந்தது. தாம் எழுதியதைத் தாமே படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அச்சாகி வந்த புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்ததோடு சரி. ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான், கூடவே ஒரு கும்பிடு. இருக்குதாம்மா என்று டோமினிக் மேகலாவிடம் கேட்டார். "இருக்கும்ங்க" என்றாள் மேகலா. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

இரண்டாவது வருஷம் ஆடியில் காளியாயியே கடைக்கு வந்துவிட்டாள். "நாங்க படிக்கக் கேட்டவங்க. நீ அடிச்சவ. உனக்குத் தெரியாததா கண்ணு? எதாச்சும் நெனப்பு இருந்தாச் சொல்லு" என்றாள். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். மேகலா ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதையாவது சொல்லி அனுப்பினால் போதும் என்று, "கீழ போனா செரியாப் போயிரும்னு என்னமோ இருந்துச்சுங்கக்கா" என்று உளறினாள். மலையில் கீழே என்றால் தரை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கீழே போயிருக்கிறார் என்றால் சேலத்துக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ஜவுளி எல்லாம் கீழேதான். காளியாயியின் முகம் தெளிந்துவிட்டது. "சேலத்துக்குக் கூட்டிட்டுப் போகோணுமாக்கும், இத்தன நாளா அது தெரியாமப் போச்சே" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அப்படி இல்லை என்று சொல்ல மேகலா வாயைத் திறந்தாள், ஜெராக்ஸுக்கு நின்றவர் தாளை நீட்டினார், வாங்கிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரில் இருந்த தாம்புக்கயிறு, கிணற்றுக்கயிறு எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுச் சேர்த்து, ஒரு முனை சின்னன் இடுப்பில், மறுமுனை காலைப் பஸ்ஸின் ஜன்னல் ஓரத்தில் காளியாயி கையில். கண்டக்டர் சின்னனுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் கிழித்தார். ஏற்காடு வரைக்கும் பட்டம் மாதிரி ஒழுங்காக வந்தார். அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில்தான் விஷயம் புரிந்தது. பஸ் இறங்கியது, அவர் இறங்கவில்லை. நாகலூரில் எந்த மட்டத்தில் நின்றாரோ அதே மட்டத்தில் நின்றார். முதல் கொண்டை ஊசி வளைவில் கயிறு நீண்டது, இரண்டாவதில் இன்னும் நீண்டது, மூன்றாவது வளைவில் தீர்ந்துபோனது. அடிவாரம் இன்னும் பதினேழு வளைவுக்குக் கீழே. டிரைவர் பிரேக் போடுவதற்குள் கயிறு காளியாயியின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. கடைசி முடிச்சில் பிடித்துவிட்டாள். விட்டிருந்தால் ஆள் காற்றோடு போயிருப்பார். பஸ்ஸை மூன்று வளைவும் பின்னாலேயே ஏற்றினார்கள். கைக்கட்டோடு காளியாயி கடைப் பக்கம் வந்து, "உம்மேல தப்பில்ல கண்ணு, நாங்கதான் கயிறு பத்தாமக் கொண்டுபோயிட்டோம்" என்றாள். அவள் அறைந்திருந்தால்கூட மேகலா தாங்கியிருப்பாள்.

அதற்குப் பிறகு மேகலா மத்தியான நேரங்களில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். டைப் அடிக்கிறவர்கள் படித்து அடிப்பதில்லை. கண்ணில் பட்டது புத்திக்குப் போகாமல் நேராக விரலுக்குப் போய்விடும். அப்படியென்றால் அந்தப் பக்கம் விரலில்தான் இருக்க வேண்டும். கண்ணை மூடி விரலை வைத்தாள். விரல்கள் ஓடின. கண் திறந்து பார்த்தால் நன்றிப் பக்கம் வந்திருந்தது, கடைசியில் அவள் பெயரோடு. எத்தனை தடவை உட்கார்ந்தாலும் அதுவேதான் வந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று இருந்துவிடலாம் என்றால், இங்கே தலைக்கு மேலே போவது பக்கத்து வீட்டு மனுசன்.

மூன்றாம் வருஷம் மார்கழிக் கடைசியில் காளியாயி மறுபடி கடைக்கு வந்தாள். மேசைமேல் சின்னனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வைத்தாள். ஏணி தை வரைக்கும்தான் வரும் என்றாள். அதை அவள் அழாமல் சொன்னாள். "இதைப் பெருசு பண்ணிச் சட்டம் போட்டுக் குடு கண்ணு. மேல போயிட்டார்னா மொகம் மறந்து போயிரும். சுவத்துல மாட்டி வெச்சுக்கறேன்."

மேலே போய்விட்டார் என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று மேகலாவுக்குத் தெரியாதா. இந்த மாதிரிப் போட்டோ எத்தனை பெரிது பண்ணியிருக்கிறாள், எத்தனைக்குக் கீழே தோற்றம், மறைவு அடித்திருக்கிறாள். ஸ்கேனர்மேல் போட்டோவை வைத்து மூடினாள். பட்டனை அமுக்கக் கை வரவில்லை. அப்போதுதான் சொன்னாள். பதினேழு பக்கம் வந்ததை, நாலு நாலாகத்தான் புத்தகம் ஆகும் என்பதை, நன்றிப் பக்கத்தைத் தூக்காமல் இதைத் தூக்கியதை, கீழே போனால் சரியாகும் என்றது வாய்க்கு வந்த பொய் என்பதை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். காளியாயி புத்தகத்தை எடுக்கச் சொன்னாள். "உம்பேரு எங்க இருக்குது?" மேகலா இரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். காளியாயிக்கு எழுத்துத் தெரியாது. தழும்பேறிய உள்ளங்கையால் பக்கத்தை நீவிவிட்டு, விரலை அந்த வரிமேல் மெதுவாக ஓட்டினாள்.

"அழகாத்தான் இருக்குது" என்றாள். "இதுக்குத்தானா?"

மேகலா தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். காளியாயி ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "நான் உன்னய அடிக்கறதுக்கு முந்தி நீ அதை அடி" என்றாள்.

மேகலா கண்ணை மூடினாள். இந்தத் தடவை நன்றிப் பக்கம் வரவில்லை. மழை நாளில் ஓடு சடசடப்பதுபோல விரல்கள் தாமாக ஓடின. வரி வரியாகப் பதினேழாம் பக்கம் வந்தது. இருபத்து மூன்று வரி நிற்காமல் வந்து, இருபத்து நாலாவது வரியில் 'ஆகவே அவன்' என்று அடித்துவிட்டு விரல்கள் நின்றுகொண்டன. அசைத்துப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள், வரவில்லை. அப்போது நினைவு வந்தது. அன்றைக்கு அந்த வரியை அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றார். படத்தில் நடித்ததற்குக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள், பஸ் கிளம்பப்போகிறது என்று அவசரப்படுத்தினார். மேகலா வரியைப் பாதியில் விட்டு எழுந்து எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது பக்கம் அதிகமான கவலை வந்துவிட்டது, மீதியை அடிக்கவே இல்லை. அடிக்காதது விரலில் எப்படி இருக்கும்? வந்து நின்றவர் சின்னன்தான்.

அதைத் தாளில் எடுத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் இருவரும் நாகலூருக்குப் போனார்கள். டோமினிக் வாசிக்கக் கை நீட்டினார். நான்தான் வாசிக்க வேண்டும் என்றாள் மேகலா. ஊர் கூடியிருக்க, முதலில் தான் செய்ததைச் சொன்னாள். மேலேயிருந்து சின்னன், "சத்தமாச் சொல்லு கண்ணு, இங்க கேக்கல" என்றார். எனவே எல்லாவற்றையும் இரண்டாம் தடவை, கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் அவளுக்குக் கொடுத்த தண்டனை என்று ஊரில் சொல்வார்கள். சின்னனுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை, உண்மையிலேயே கேட்கவில்லை. பிறகு பக்கத்தை வாசித்தாள். மலையிலிருந்து வெட்டியெடுத்த கல்லின் எடையை மலை ஈடு செய்யப் பார்க்கிறது, அருகில் இருப்பவரிடம் இரவல் வாங்குகிறது, வாங்கிய எடையை எந்த மண்ணில் எந்த முறையில் திருப்பித் தருகிறது என்று, பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடம் மாதிரி வறண்ட சமாச்சாரம். படத்தில் சொல்லியிருந்தால் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. வரிக்கு இரண்டு சாண் வீதம் சின்னன் இறங்கினார். சுண்ணாம்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி அவர் வருவதைக் காளியாயி வாய்க்குள் எண்ணினாள். இருபத்து மூன்று வரிக்கு நாற்பத்தாறு சாண். பிறகு 'ஆகவே அவன்' என்று மேகலா வாசித்தாள். பாதி வரிக்கு ஒரு சாண் இறங்கினார். தரைக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு சாண் பாக்கி நின்றது.

ஆகவே அவன் இறங்கினான் என்று சொல்லிப் பார்த்தாள். ஆகவே அவன் வீடு திரும்பினான், ஆகவே அவன் பிழைத்தான், ஆகவே அவன் மன்னித்தான். டோமினிக்கும் தமக்குத் தெரிந்த நல்ல தமிழில் பத்துப் பன்னிரண்டு முடிவு சொன்னார். எதற்கும் சின்னன் அசையவில்லை. துபாய்க்கு வாட்ஸ்அப் போட்டார்கள், "புத்தகத்துல இருக்குமே" என்று வந்தது. மேகலா இன்னொன்று சொல்ல வாயெடுத்தபோது காளியாயி அவள் கையிலிருந்து தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "போதும் உடு. சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு, புருசன் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். வாசல் நிலையின் மேல்கட்டையில் அவர் தலை இடித்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஆம்பளைக் குரல் ஐயோ என்றது.

அதற்குப் பிறகு அவர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த மேல்கட்டையை ஆசாரி ஒரு சாண் உயர்த்திக் கொடுத்தார். படுத்தால் பாய்க்கு மேலே ஒரு சாணில் தூங்குகிறார். காளியாயி போர்வையை அடியிலும் செருகிவிடுகிறாள். அவர் செருப்பு தேய்வதில்லை. மழைக்காலத்தில் களத்துச் சேற்றில் எல்லாருடைய கால்தடமும் இருக்கும், அவருடையது இருக்காது. புதிதாக வரும் சொந்தக்காரர்கள் கேட்டால், "அவரு கொஞ்சம் ஒசரமுங்க" என்கிறாள் காளியாயி. மேகலா புத்தகத்தைத் திரும்பவும் கட்டி அச்சுக்குக் கொடுத்தாள், பதினாறு பக்கம்தான். நன்றிப் பக்கம் போய், விளக்கப் பக்கம் உள்ளே வந்தது. கடைசி வரியில் 'ஆகவே அவன்' என்பதற்குப் பிறகு புள்ளிகள் வைத்திருக்கிறாள். வாங்குகிறவர்கள் தங்களுக்குத் தோன்றியதைப் பேனாவால் எழுதிக்கொள்கிறார்கள்.

போன மாதம் சின்னன் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க அவள் கடைக்கு வந்தார். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கிறவள், அவர் வந்தால் முதலில் தரையைப் பார்க்கிறாள். தன் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் சரியாக அடங்குகிற அந்த இடைவெளியைப் பார்க்காமல் அவளால் நிமிர முடிவதில்லை. யாருக்கோ ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரங் குடு கண்ணு, பஸ் எடுத்துருவான்" என்றார் சின்னன்.

"ஒரு வரி இருங்கண்ணா, அடிச்சு முடிச்சர்றேன்" என்றாள் மேகலா.

அவள் அந்த வரியை முற்றுப்புள்ளி வரைக்கும் அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதுவரைக்கும் சின்னன், தரைக்கு ஒரு சாண் மேலே, காத்துக்கொண்டு நின்றார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மூன்றரைக்கு.